அந்த நான்கு நிமிஷம் யாருடையது?

பனியன் கம்பெனி ஒன்றின் வாசலில் வருகையைப் பதிகின்ற கருவி நான்கு நிமிஷம் முந்தி ஓடுகின்றது என்று வைத்துக் கொள்வோம். காலை எட்டரைக்குச் சரியாக வந்து விரலை வைக்கின்ற தொழிலாளி, அதன் கணக்கில் நான்கு நிமிஷம் தாமதித்தவராகி விடுகின்றார். மாலை நேரமும் அதே கருவியைக் கொண்டே கணக்கிடப்பட்டால் பாதகமில்லை. காலையில் போனது மாலையில் திரும்பி வந்துவிடும். ஆனால் மாலை நேரம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கின்ற மணியைக் கொண்டே எழுதப்படுகின்றது. அதற்குப் பின் கருவி என்ன காட்டினாலும் யாரும் பார்ப்பதில்லை. ஆளுக்கு நான்கு நிமிஷம் என்றால் 300 பேருக்கு 1,200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு இரண்டரை ஷிப்ட் கூலி தினந்தோறும் கம்பெனியிலேயே தங்கிவிடுகின்றது.

இது யாருடைய சொத்து? முதலாளி யார் பையிலும் கையை விடவில்லை. அவருக்கு அப்படியொரு நிய்யத்தும் இல்லை. ஐந்து வேளையும் தொழுகின்றவராக, ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கின்றவராகக்கூட இருக்கலாம். கடிகாரம் முந்தி ஓடியதற்கு அவர் குற்றவாளியாவாரா?

அளவையில் குறைக்கின்றவர்களைப் பற்றித் திருமறையில் தனியே ஒரு ஸூராவே இருக்கின்றது. ‘முதஃப்பிபீன்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது அரிசிக் கடையும் துணிக்கடையும்தான். கூலிக்கு வேலை செய்கின்றவர் விற்பது அரிசியையன்று, தம் ஆயுளின் மணி நேரங்களை. திருப்பூரிலோ சனிக்கிழமைச் சம்பளம் அரை ஷிப்ட், ஒன்று, ஒன்றரை என்றே எண்ணப்படுகின்றது. பீஸ் ரேட்டில் தைக்கின்ற டைலருக்கு இந்தக் கோளாறு அவ்வளவாகத் தட்டாது. செக்கிங்கிலும் கைமடியிலும் அயர்னிங்கிலும் நிற்கின்றவர்களுக்கே தட்டும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே வாசலில் இருக்கின்ற கருவி கடிகாரமன்று, தராசு. கடைத் தராசுக்காவது அரசாங்க முத்திரை இருக்கின்றது. இந்தத் தராசுக்கு அதுவும் இல்லை.

கடிகாரம் ஏன் தவறுகின்றது? கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டே இருக்கின்றது. அந்த அதிர்வை எண்ணித்தான் அது நேரம் சொல்கின்றது. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகுவது அத்தகைய படிகத்துக்குச் சாதாரணம். நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் விநாடி பிசகும். வருஷத்தில் பத்து நிமிஷத்தைத் தாண்டிவிடும். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் ஓட்டம் மாறும். உள்ளே இருக்கின்ற காசளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதியே பின்னுக்குப் போய் நிற்கும்.

இதற்கு மருந்து நெடுநாளாகவே இருக்கின்றது. என்.டி.பி. என்று அழைக்கப்படுகின்ற முறையை அமெரிக்கரான டேவிட் மில்ஸ் வகுத்தார். அது 1985-ல் வெளிவந்தது. அவர் 2024-ல் காலமானார். சர்வர் தன்னைவிட நம்பகமான ஒரு சர்வரிடம் ‘மணி என்ன?’ என்று கேட்கின்றது. கேட்ட கணத்தையும் பதில் வந்த கணத்தையும் குறித்துக்கொண்டு, வழியில் கழிந்த நேரத்தில் பாதியைக் கணக்கிலெடுத்துத் தன் பிசகை அறிகின்றது. சிறு பிசகை ஒரே தாவலில் திருத்துவதில்லை. ஓட்டத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்ல மெல்லச் சேர்த்துவிடும். பல இடங்களில் கேட்டு, மற்றவற்றோடு ஒத்துவராததை ஒதுக்கவும் அதற்குத் தெரியும். இரண்டே இடங்களில் கேட்டால், பொய் சொல்வது எது என்று கண்டுபிடிக்க வழியில்லை அல்லவா?

ஹதீஸ் கலையோடு பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘இதை உனக்கு யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?’ என்ற இஸ்னாதின் கேள்விதான் இங்கேயும். புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சீசியம் அணுக் கடிகாரங்கள் இந்திய நேரத்தைக் காக்கின்றன. அத்தகைய மூலக் கடிகாரத்தோடு நேரே இணைந்த சர்வர் முதற்படி. அதனிடம் கேட்டது இரண்டாம் படி. இப்படியே கீழே வரும். படி கூடக்கூட மூலத்திலிருந்து தூரம். பதினாறு என்று காட்டினால் சங்கிலியே அறுந்துவிட்டது என்று பொருள். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் இந்த ஆய்வகத்தின் அல்லது என்.ஐ.சி.யின் நேரத்தோடு, இல்லையேல் அவற்றிடம் போய்ச் சேர்கின்ற சங்கிலியோடு இணைந்திருக்க வேண்டுமென்று சொல்கின்றது. திருட்டையும் ஊடுருவலையும் துப்பறிவதற்காக வந்த உத்தரவு அது. கூலியை மனத்தில் வைத்துப் பிறந்ததன்று. எனினும் பயன் தடைபடவில்லை.

‘நமக்கு நேரம் சூரியனைக் கொண்டல்லவா?’ என்று சிலர் கேட்கக்கூடும். தொழுகைக்கு அது முற்றிலும் உண்மை. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. திருப்பூர் ஏறக்குறைய ஐந்து பாகை மேற்கே இருக்கின்றது. அதனால் இங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.04-க்கும், பிப்ரவரி நடுவில் 12.35-க்கும் வருகின்றது. ளுஹர் சூரியனைப் பின்பற்றுமே தவிர டில்லியையன்று. ஆயினும் அந்தச் சூரிய கணக்கைக் கடிகாரத்தில் படிக்கத்தானே பள்ளிவாசலில் அட்டவணை தொங்குகின்றது? டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளியில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர், 1371-ல் அங்கே ஒரு சூரியக் கடிகாரத்தைச் செய்து வைத்தார். நேரம் காப்பது அந்நாளில் பள்ளியிலேயே ஓர் உத்தியோகமாக இருந்தது.

கூலியின் கதை வேறு. எட்டரை மணி என்பது இரு மனிதர் பேசி முடித்த உடன்படிக்கை. இருவருக்கும் பொதுவான ஒரு கடிகாரம் இல்லாவிட்டால், கடிகாரத்தை வைத்திருப்பவரே நீதிபதியாகி விடுகின்றார்.

ரமலானில் நம் வீடுகளைப் பாருங்கள். மஃரிபுக்கு ஒரு நிமிஷம் இருக்கின்றது என்றால் கஞ்சிக் கோப்பை கையிலேயே நிற்கும். பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோன பிள்ளையை, ‘பாங்கு சொல்லட்டும்’ என்று தாய் தடுப்பாள். தெருக் கோடிப் பள்ளியில் முந்திச் சொல்லிவிட்டால், அந்தக் கடிகாரம் சரிதானா என்று விசாரணையே நடக்கும். நல்ல பேணுதல்தான். அதே வீட்டின் குடும்பத் தலைவர் தம் கம்பெனி வாசல் கடிகாரத்தை வருஷத்தில் ஒருமுறையாவது சரிபார்த்தாரா? முன்னது ரப்புக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளது, அவன் மன்னிப்பவன். பின்னது அடியார்களின் ஹக்கு. அதை மன்னிக்க வேண்டியவர் கைமடிக்கின்ற அந்தப் பெண்தான்.

தொழிலாளியும் இதில் விலக்கல்லர். ளுஹருக்கென்று எழுந்து டீக்கடையில் அரை மணி நிற்பது தொழுகையின் பெயரால் எடுத்த நிமிஷம்.

இனி நிய்யத்தின் கேள்விக்கு வருவோம். அறியாதவரை குற்றமில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அறிந்த நாளிலிருந்து அவர் அறியாதவரல்லர். ‘சர்வரைப் பார்க்கின்ற பையன் லீவில் இருக்கின்றான்’ என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுவதும் ஒரு நிய்யத்தே. ஆடிட்டுக்கு ஒரு கணக்கு, கூலிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைத்திருப்பவருக்கு இந்த மருந்து உதவாது. அவருடைய நோய் கடிகாரத்தில் இல்லை.

அறியாத நாட்களில் சேர்ந்துவிட்ட நிமிஷங்கள்? நிய்யத் இல்லாததால் பாவம் இல்லாமலிருக்கலாம், கடன் இருக்கின்றது. எடைக்கல் தேய்ந்திருந்ததை அறியாமல் குறைத்துக் கொடுத்த வியாபாரி, அறிந்ததும் குறைந்த அரிசி தம்முடையதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. உரியவரைத் தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் தர்மம் செய்துவிடலாம் என்று சொன்ன உலமாக்கள் உண்டு. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்பிப் போய்விட்டவர்களை எங்கே தேடுவது என்று ஒருவர் அந்த வழிக்கு உடனே விரையலாம். ஆனால் அவர்களுடைய பி.எஃப். எண்ணும், வங்கிக் கணக்கும், செல்போன் நம்பரும் பெரும்பாலும் அந்த சர்வரிலேயேதான் இருக்கின்றன.