அறுவைக்கு முன்பே பேச வேண்டியது

ஆண்குறியில் வரும் புற்றுநோயைப் பற்றி விளாத்திகுளம் பக்கத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மொட்டின் மேல் ஆறாத புண், பின்னால் தள்ள முடியாமல் இறுகிப்போன முன்தோல், உள்ளே கசிவும் நாற்றமும் என்று அது தொடங்கும். உடம்புச் சூடு என்பார்கள், வெட்டை என்பார்கள். மருந்துக்கடையில் ஒரு களிம்பு. அப்புறம், நாள் குறித்து லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரின் லேகியம். கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ திருநெல்வேலிக்கோ போவதற்குள் பல மாதம் ஓடி, தொடையிடுக்கில் நெறியும் கட்டியிருக்கும். இதற்கு அறியாமையை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. காட்டினால் வெட்டிவிடுவார்கள், வெட்டினால் தான் ஆம்பளையே இல்லை என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அறுவைக்குப் பின் தாம்பத்தியம் என்ன ஆகும் என்ற பேச்சை, நோய் தீர்ந்தபின் சாவகாசமாக எடுக்கும் பேச்சாக நினைக்கிறோம். ஒருவர் நேரத்தோடு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா என்பதையே அந்தப் பேச்சு முடிவு செய்கிறது. நேரத்தோடு வந்தவருக்குத்தான் உறுப்பைக் காப்பாற்றவும் முடியும்.

முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த உறுப்பில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு தேவையில்லை என்று 2005இல் லண்டன் மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. ஆழம் போகாத கட்டியானால், இன்று மொட்டின் மேல்தோலை மட்டும் உரித்துவிட்டுத் தொடைத்தோலை ஒட்டலாம். மொட்டை மட்டும் எடுத்துவிட்டுத் தண்டின் முனையில் அதேபோல் ஒன்றை அமைக்கலாம். விறைப்பைத் தரும் பஞ்சுத்திசு தண்டில் இருக்கிறது. ஆசையைத் தூண்டும் ஹார்மோன் விதைகளில் ஊறுகிறது. விந்து நீரின் பெரும்பகுதி அடிவயிற்றுச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. மொட்டு போனாலும் இவை போவதில்லை. உச்ச இன்பமும் பிள்ளைப்பேறும் பலருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. உணர்ச்சி குறையலாம், ஒட்டிய தோல் மரத்திருக்கலாம், சிறுநீர் சிதறலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உறுப்பில் ஒரு பாகத்தையே இழந்த 18 ஆண்களைப் பிரேசில் மருத்துவர்கள் விசாரித்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. உறவையே விட்டுவிட்டவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம் வெட்கம்: குறி சிறுத்துவிட்டது, மொட்டு இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் என்னை உலுக்கிய ஆய்வு. கத்தி விட்டுவைத்ததை வெட்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வெட்கத்துக்கு அறுவையில் மருந்து இல்லை. பேசித்தான் ஆற்ற வேண்டும்.

உயிர் பிழைத்தால் போதாதா, பேரன் பேத்தி எடுத்தவருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அறுபது வயதுக்காரருக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், வார்டில் நிற்கும் மகன் அல்ல. பக்கத்தில் படுப்பதும் தொடுவதும் உறவு இல்லாமலேயே ஒருவரைத் தேற்றும். இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. உறுப்பைக் காக்கும் அறுவையில் கட்டி அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். அப்படி வந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மறுபடி எடுத்துவிடலாம். ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வது தொடையிடுக்கு நெறியில் நோய் பரவியதா என்பதே. ஆனால் முதல் இரண்டு வருஷமாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். வைப்பாற்றங்கரையில் மிளகாய்க் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒருநாள் சம்பளம். அவரால் வர முடியாது என்றால் பெரிய அறுவையே பத்திரம் என்று ஒரு மருத்துவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நோயாளியிடம் சொல்லி, இரண்டு வழியையும் முன்னால் வைத்து, அவரையே தேர்ந்தெடுக்க விடவேண்டும். சோதனையைக் கோவில்பட்டியிலேயே செய்ய வழியிருந்தால் அந்தத் தேர்வு இன்னும் எளிதாகும்.

நம் ஜனங்கள் இதையெல்லாம் பேசமாட்டார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் திரட்டிய பாலியல் நாட்டார் கதைகள் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று புத்தகமாகவே இருக்கின்றன. களத்துமேட்டில் கூச்சமின்றிப் பேசும் ஊர் இது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்தான் வாய் அடைத்துப்போகிறது, அதுவும் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது. எச்.ஐ.வி.க்காக அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்கள் வந்தபோதும் யாரும் பேசமாட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, பொறுமையாகக் கேட்க ஓர் ஆலோசகர் உட்கார்ந்ததும் ஜனங்கள் பேசினார்கள். அதே மாதிரி ஓர் ஆள், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, இந்த நோயாளியிடமும் பேச வேண்டும். அவர் சம்மதித்தால் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். புற்றுநோய் தொற்றுமோ என்று வாய்திறக்காமல் பயந்துகொண்டிருப்பது பெரும்பாலும் அந்தப் பெண்தான். புற்றுநோய் தொற்றாது. ஆனால் இந்நோயில் கணிசமான பங்குக்குக் காரணமான எச்.பி.வி. கிருமி உறவில் பரவும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே காரணம். ஆகவே அவருக்கும் கருப்பைவாய்ப் பரிசோதனையை அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.