மூன்று வாரம் என்று சொன்னவர்கள்

விஞ்ஞானிகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே கூட்டிவந்து ஊர்க்காரர்களோடு உட்கார வைக்கும் முயற்சிகளில் 'கஃபே சயன்டிஃபீக்' பிரபலமானது. 1998-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டங்கன் டாலஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் தொடங்கினார். பாரிஸில் மார்க் சோத்தே 1992-ல் ஆரம்பித்த தத்துவக் கஃபேதான் முன்மாதிரி. விஞ்ஞானி கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு கோப்பையை நிரப்பிக்கொள்ள ஓர் இடைவேளை. அதற்கப்புறம்தான் உரையாடல், அது பேச்சைவிட நீளமானது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இடம் மாறினால் போதுமா, பேசுகிறவர் மாற வேண்டாமா?

இதை யோசிக்கும்போதெல்லாம் கம்ப்ரியாவின் ஆடு வளர்ப்பவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது. மே மாதத் தொடக்கத்தில் பெய்த மழையோடு கதிரியக்க சீசியம் வடமேற்கு இங்கிலாந்தின் மலைகளில் இறங்கியது. முதலில் பயமில்லை என்றார்கள். ஜூன் 20-ஆம் தேதி, ஆடுகளை விற்கவோ அறுக்கவோ கூடாது என்று தடை வந்தது. எத்தனை நாளைக்கு? மூணே வாரம்.

அந்தக் கணக்கு களிமண்ணை நம்பிப் போட்டது. களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல்லுக்குத் திரும்பத் தராது. கம்ப்ரிய மலைகளிலோ அமிலத்தன்மையுள்ள கரிமண். அங்கே சீசியம் கட்டுப்படாமல் கிடந்து, புல்லுக்கும் ஆட்டுக்கும் மண்ணுக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசித் தடை 2012-ல்தான் நீங்கியது. மூன்று வாரம் இருபத்தாறு வருஷமாகிவிட்டது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி எழுதியவை இந்த விஷயத்தில் முக்கியமானவை. அதில் ஒரு சம்பவம். பென்டோனைட் களிமண்ணைத் தூவினால் சீசியம் குறையுமா என்று பார்க்க, வேலி போட்ட துண்டு நிலங்களில் ஆடுகளை அடைத்து ஆராய்ந்தார்கள். 'மலையில திரியற ஆட்டை அடைச்சுப் போட்டா இளைச்சுடும், கணக்கு தப்பா வரும்' என்பதுதான் விவசாயிகள் சொன்னதன் சாரம். கேட்கவில்லை. பிறகு அதே காரணத்துக்காக ஆய்வைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். சொன்னவர்களுக்கு ஒரு நன்றிகூட இல்லை.

உடனே 'பாமர ஞானமே ஞானம்' என்று கொடி பிடிக்க எனக்கு விருப்பமில்லை. எத்தனை தலைமுறை ஆடு மேய்த்தாலும் சீசியம் கண்ணில் படாது. கிலோவுக்கு 1000 பெக்கரல் என்ற வரம்பை ஆட்டைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி வேண்டும், கருவியைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். விஞ்ஞானிகள் பொய் சொன்னார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. தெரியாத இடத்தில் தெரியும் என்கிற குரலில் பேசினார்கள். அது பொய்யில்லை, ஆனாலும் தவறு.

ஏன் தவறு என்றால், அந்தக் குரலை நம்பிக் காத்திருந்தவர் வேறொருவர். மலைப் பண்ணையில் குட்டிகளை விற்றால்தான் பணம். விற்காமல் வைத்திருந்தால் மேய்ச்சலும் போதாது. கணக்கு பிசகினால் ஆய்வாளருக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும், குட்டி தேங்கி நிற்பது விவசாயியின் பட்டியில். பிழையின் விலையைக் கொடுக்கப் போகிறவரிடம் 'எனக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று முன்கூட்டியே சொல்வது பெருந்தன்மை இல்லை, கடன்.

கஃபே மேஜையில் அந்தக் கடன் தானாகத் தீர்ந்துவிடாது. நம்மூரில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஷாமியானா, மைக், வருகைப் பதிவு, முடிவு மட்டும் முன்னாடியே தயார். கேட்பதும் ஒரு சடங்காகிவிடும். அதனால் இப்படிப்பட்ட சந்திப்புக்குப் போனால், விஞ்ஞானி எவ்வளவு எளிமையாகப் பேசினார் என்பதை நான் பார்ப்பதில்லை. எதிரே இருக்கிறவர் 'எங்க மண்ணு வேறங்க' என்று சொல்லும்போது அவர் பேனாவை எடுக்கிறாரா என்று பார்ப்பேன். சும்மா தலையாட்டுவது யாருக்கும் வரும்.