பிறர் போட்ட கோடு

பிறர் போட்ட கோட்டின்மேல் ஊசி ஓட்டுகிறவளுக்கு அந்த வேலையில் என்ன பங்கு? மம்சாபுரத்தில் என்னிடம் ஆரி எம்பிராய்டரி பழக வரும் பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. "நாமளே வரைஞ்சாத்தானக்கா நம்ம வேலை?" என்பார்கள். தையல் கேள்வி மாதிரி தெரியும். பூஜை செய்கிறவர், பாராயணம் செய்கிறவர், விரதம் இருக்கிறவர் எல்லோருக்கும் உள்ள கேள்விதான் அது.

எங்கள் வேலை இப்படி. ட்ரேஸிங் பேப்பரில் கொடியோ மயிலோ வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துவோம். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், ஜாக்கெட் துணியில் வெள்ளைப் புள்ளிகளாக டிசைன் இறங்கும். பிறகு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஆரி ஊசியை எடுக்க வேண்டும். வலது கை மேலே, இடது கை துணிக்கு அடியில். அடியில் இருக்கும் கைதான் ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஊசியின் கொக்கியில் மாட்டிவிடுகிறது. அது என்ன செய்கிறது என்று தைக்கிறவளுக்கே தெரியாது. கண் கோட்டில் இருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகள் குவில்ட் தைக்கப் பழகுகிறாள். துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் ஒன்றாகத் தைக்கும் போர்வை. அதற்கு லாங்ஆர்ம் என்று நீளக் கை வைத்த பெரிய மெஷின். போர்வை அசையாது, மெஷின் தலைதான் தண்டவாளத்தில் ஓடும். பேண்டோகிராஃப் என்கிற டிசைன் சுருளை மெஷினின் பின்பக்க மேஜையில் விரித்து, பின்னால் நின்றுகொண்டு, சிவப்பு லேசர் புள்ளி காகிதக் கோட்டை விட்டு விலகாமல் தலையை நகர்த்த வேண்டும். ஊசி அந்தப் பக்கம் தைத்துக்கொண்டே போகும், இவள் அதைப் பார்ப்பதில்லை. ஒரு வரிசை முடிந்ததும் போர்வையைச் சுருட்டி, அடுத்த வரிசை முந்தையதோடு சரியாகப் பொருந்தும்படி வைக்க வேண்டும். "கோணையைப் பார்த்துப் பயந்து நின்னா அங்கேயே ஒரு முடிச்சு விழுது சித்தி, நிக்காம போனாத்தான் கொடி கொடியா வருது" என்றாள். விலகிய இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிற அந்தப் பழக்கத்துக்கு ஜபமாலை உருட்டுகிறவர்களும் பாடுபடுகிறார்கள்.

டிசைன் சுருளுக்குப் பேண்டோகிராஃப் என்ற பெயரைக் கொடுத்த படியெடுக்கும் கருவியை 1603-இல் செய்தவர் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மானிய ஏசுசபைத் துறவி. 1631-இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். சூரியனில் உள்ள கரும்புள்ளிகளை முதலில் பார்த்தது யார் என்று கலிலியோவோடு மல்லுக்கு நின்றவரும் இவரே. படியெடுக்கக் கருவி கொடுத்த துறவியாலேயே "முதலில் நான்" என்பதை விட முடியவில்லை.

எங்களுக்கு இந்தக் கேள்வியின் விடை பக்கத்து ஊரில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனுக்குப் பாடினார். அவர் மகள் ஆண்டாள் ஆய்ப்பாடிப் பெண்களின் நோன்பைத் தன் ஊரிலேயே நோற்றாள். வில்லிபுத்தூரே ஆய்ப்பாடி, தான் ஓர் ஆய்ச்சி. இப்படி இன்னொருவராகவே பாவித்துச் செய்வதை வைணவ உரைகாரர்கள் அநுகாரம் என்கிறார்கள். அவள் பாடிய திருப்பாவை முப்பதும் இன்னொருத்தி போட்ட கோட்டின்மேல் போனவைதான். ஆண்டாளை யாரும் நகல் என்று சொன்னதில்லை.

ஆனால் அதே பெண்தான் பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தாள். தலைமுடி ஒட்டியிருந்ததைக் கண்டு தகப்பனார் வேறு மாலை கட்டினார், பெருமாளோ அவள் சூடியதைத்தான் கேட்டார் என்பது கதை. அப்படியானால் முறையை மீறுவதுதான் பக்தியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாலை கட்டும் முறையில் அவள் எதையும் மாற்றவில்லை. அவள் அதைத் தொட்டிருந்தாள், அவ்வளவுதான். எங்கள் தையலிலும் அதுவே நடக்கிறது. ஒரே பேப்பரை இரண்டு பேருக்குக் கொடுத்தால் எது யாருடையது என்று இழுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பிறர் தர்மத்தைக் கைக்கொள்வதைக் கீதை கண்டிக்கிறதே என்று மடக்கினார். மூன்றாம் அத்தியாயத்தில் கண்டிக்கிறதுதான். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னால், பெரியவர்கள் செய்வதையே மற்றவர்கள் பின்பற்றுவார்கள் என்றும் வருகிறது. அதில் சுமை பின்பற்றுகிறவன் தலையில் இல்லை, வழிகாட்டுகிறவன் தலையில் இருக்கிறது. நான் வரைந்த கொடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது என் பேப்பரை வாங்கிய எல்லா ஜாக்கெட்டிலும் சாயும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாளின் இடது கைக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்பு, காக்காப்பொன் கண். நேற்றைய வடிவம்தான் இன்றும், நாளையும் அதுவேதான். கட்டுகிறவரிடம் "இது நீங்களே யோசித்ததா?" என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும், "ட்ரேஸ் எடுத்துப் போடுறதுதானே, குறைச்சுக்கோ" என்று பேரம் நடக்கிறது. டிசைன் வரைந்தவருக்கு உரிய காசைக் கொடுங்கள், அவர் பெயரையும் சொல்லுங்கள். தைத்தவளின் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள்.