எச்சரித்துவிட்டால் கணக்கு தீர்ந்ததா?

தரகு நிறுவனத்தின் செயலியைக் கைபேசியில் திறந்ததும் ஒரு பெட்டி எழும்புகிறது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்) எனப்படும் பங்கு முன்பேர வணிகத்தில் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் நட்டமடைந்திருக்கிறார்கள் என்கிறது அது. நட்டப்பட்டவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 50,000 ரூபாய். தரகும் கட்டணமும் அதற்கு மேல் தனி. படித்துவிட்டேன் என்று பொத்தானை அழுத்தினால் பெட்டி மறைந்து சந்தை திறக்கிறது. 2023 ஜூலை 1 முதல் எல்லாத் தரகர்களும் இதைக் காட்டியாக வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆணை.

தன் சரக்கைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் கடை அரிது. சொன்ன பிறகும் உள்ளே போனவர் கையைச் சுட்டுக்கொண்டால் அதில் கடைக்காரருக்குப் பங்கு உண்டா? உரிமம் கொடுத்த அரசுக்கு? அல்லது, தெரிந்தே போனவர் தலையில்தான் முழுப் பொறுப்புமா?

ஆப்ஷன் பிறவியிலேயே கெட்ட சரக்கு அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற ஒருவரிடம் 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் மகள் திருமணம். அதற்குள் சந்தை விழுந்துவிடுமோ என்று பயம். பங்கை விற்கவும் மனமில்லை. அவர் ஒரு புட் ஆப்ஷன் வாங்குகிறார். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே போனால் அந்த வித்தியாசம் அவர் கைக்கு வரும். அதற்காக முன்கூட்டியே கட்டும் தொகைக்குப் பிரீமியம் என்று பெயர். காப்பீட்டில் புழங்கும் அதே சொல். வேலையும் ஏறக்குறைய அதே வேலைதான். சந்தை விழாவிட்டால் பிரீமியம் போனது போனதுதான். மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கியதற்கு அது கூலி.

அந்த நிம்மதியை விற்க எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஊக வணிகர். அவர் இல்லையென்றால் ஓய்வூதியருக்குக் காப்பு கிடைக்காது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. ஆகவே ஊகமே பாவம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியல்ல.

சட்டமும் இப்படித்தான் எண்ணியது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பந்தயம் கட்டும் உடன்பாடுகள் செல்லாது என்கிறது. முன்பேர ஒப்பந்தங்கள் அந்த வலையில் சிக்காமல் இருக்க 1999-இல் பங்கு ஒப்பந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சந்தையில் நடந்தால் அவை செல்லும் என்றானது. 2000 ஜூனில் குறியீட்டு ஃபியூச்சர்ஸும் 2001 ஜூனில் குறியீட்டு ஆப்ஷனும் வந்தன. பந்தயத்துக்கு இல்லாத சலுகை இவற்றுக்குக் கிடைத்ததற்கு நியாயம் இருந்தது: இவை இடரைத் தாங்க முடியாதவரிடமிருந்து தாங்கக்கூடியவருக்கு மாற்றுகின்றன. அந்த நியாயம் மறைந்துபோன இடத்திலும் சலுகை மட்டும் தொடரலாமா என்பதே இன்றைய வழக்கு.

ஏனென்றால் காலம் குறுகிக்கொண்டே வந்தது. மாதக் கடைசி வியாழனில் முடிந்துகொண்டிருந்த ஆப்ஷனுக்கு 2016-இல் பேங்க் நிஃப்டியிலும் 2019-இல் நிஃப்டியிலும் வாராந்திர எக்ஸ்பயரி, அதாவது காலாவதி நாள், வந்தது. 2023 வாக்கில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு குறியீட்டுக்கு எக்ஸ்பயரி. முடியும் நாளன்று பிரீமியம் சில ரூபாய்க்கு இறங்கும். சில நூறு ரூபாய் இருந்தால் ஒரு லாட் (குறைந்தபட்சத் தொகுதி) வாங்கிவிடலாம். மூன்றரை மணிக்குள் அது பல மடங்காகும், இல்லையேல் பூச்சியமாகும். மகள் திருமணத்துக்காகச் சேர்த்த பங்கை எவரும் பிற்பகல் இரண்டு மணிக்கு வாங்கி மூன்றரைக்கு முடியும் ஆப்ஷனால் காப்பதில்லை. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோரிடம் காக்க வேண்டிய பொருளே கிடையாது.

காப்பீட்டுத் துறை இந்தக் கேள்வியை எப்போதோ சந்தித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், தமக்குச் சம்பந்தமே இல்லாத பிரமுகர்களின் உயிர் மீது பாலிசி எடுத்து, அவர்கள் எப்போது சாவார்கள் என்று பந்தயம் கட்டினார்கள். 1774-இல் ஆங்கிலேயச் சட்டம் அதை நிறுத்தியது. எந்த உயிரின் இழப்பு உன்னைப் பாதிக்குமோ அதற்கு மட்டுமே நீ பாலிசி எடுக்கலாம் என்று கோடு போட்டது. தாள் ஒன்றுதான், வாசகம் ஒன்றுதான். பிடித்திருப்பவரின் நிலையே அதைக் காப்பாகவோ சூதாகவோ ஆக்குகிறது. முன்பேரச் சந்தையில் அப்படியொரு கோட்டை அப்படியே போட முடியாது. போட்டால் எதிர்ப்பக்கத்து ஊக வணிகரும் வெளியேற வேண்டியிருக்கும். ஆனால் கோடே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

இனி எண்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்கள் 1.13 கோடிப் பேர். அவர்களில் 93 சதவீதத்தினர் தோற்றார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய். தோற்றவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம் மட்டுமே.

அந்தப் பணம் எங்கே போனது? முன்பேரச் சந்தை ஒருவர் இழப்பதை இன்னொருவர் பெறும் இடம். 2023-24-இல் தனிநபர் உள்ளிட்டோர், தரகும் கட்டணமும் சேர்க்காமலே, 61,000 கோடி இழந்தார்கள். அதே ஆண்டில் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் ஈட்டின. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிறது. அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் தாமாகவே நடத்திய வணிகத்தில் வந்தது. இது போக, மூன்றாண்டுகளில் தனிநபர்கள் வணிகச் செலவாகக் கட்டியது ஏறத்தாழ 50,000 கோடி. அதில் பாதி தரகருக்கு, ஐந்தில் ஒரு பங்கு சந்தை நிறுவனங்களுக்கு. மீதியில் வரியும் அடக்கம்.

சந்தையின் தரப்பு வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. வயது வந்த ஒருவர் தன் பணத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மற்றவர் யார்? கடை வைக்கிறவர்களிலும் சினிமா எடுக்கிறவர்களிலும் பலர் தோற்கத்தான் செய்கிறார்கள். அதோடு, தடைகள் பெரும்பாலும் ஏழையின் வாசலில்தான் விழுகின்றன. 2024 அக்டோபரில் செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. வாராந்திர எக்ஸ்பயரியைச் சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்கியது. இதில் முதலாவது, விவரம் இல்லாதவரைத் தடுக்கவில்லை. பணம் இல்லாதவரைத் தடுக்கிறது. விவரமில்லாத பணக்காரர் அதே வாசல் வழியாக வழக்கம்போல் போகலாம். இது நெருடலான நியாயம்தான்.

ஆனால் கடை வைத்துத் தோற்றவருக்கும் ஆப்ஷனில் தோற்றவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவரின் கடையில் ஊரார் சில காலம் சாமான் வாங்கினார்கள், ஒரு பையனுக்குச் சம்பளம் கிடைத்தது. புதுப் பங்கு வெளியீட்டில் போட்ட பணம் நட்டமானாலும் எங்கோ ஓர் இயந்திரமாக நிற்கும். எக்ஸ்பயரி பிற்பகலில் கரைந்த பிரீமியம் எதையும் கட்டியெழுப்பவில்லை. வேகமான ஒருவரின் பைக்கு அது இடம் மாறியது, அவ்வளவே.

சுதந்திர வாதத்தின் ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறவருக்குப் பத்தில் ஒன்பது என்பது மற்றவர்களைப் பற்றிய செய்தி. பத்தாவது ஆள் தான்தான் என்று நம்பியே ஒவ்வொருவரும் அழுத்துகிறார். தரகருக்கோ அது நம்பிக்கை சார்ந்த விஷயமே அல்ல. இந்த ஆண்டு சேரும் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது அவருக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும். முடிவை மொத்தமாக அறிந்தவரும் தன் ஒருவனின் ஆசையை மட்டும் அறிந்தவரும் செய்துகொள்ளும் உடன்பாட்டில், இருவருக்கும் சமமாகத் தெரியும் என்று சொல்வது சட்டத்துக்குப் போதும், அறத்துக்குப் போதாது.

கூடவே, வென்றாலும் தோற்றாலும் கட்டணம் உண்டு. எச்சரிக்கை பலித்து வாடிக்கையாளர் விலகினால் தரகருக்கு வருமானம் போகும். பலிக்காமல் போனால்தான் வருமானம். தன் சொல் எடுபடக் கூடாது என்பதில் ஆதாயம் உள்ளவர் சொல்லும் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு? மதுப்புட்டியில் கேடு என்று அச்சிட்டு அரசே விற்பதைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அரசு வெறும் பார்வையாளர் அல்ல. 2024 அக்டோபரில் ஆப்ஷன் விற்பனை மீதான பங்குப் பரிவர்த்தனை வரி பிரீமியத்தில் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாக உயர்ந்தது. தடுப்பதற்கான வரி என்றால் வசூல் குறைவதைப் பார்த்து அரசு மகிழ வேண்டும். மகிழுமா?

தோற்றவரையும் முழுக்க விடுவித்துவிட முடியாது. தொடர்ந்து நட்டம் கண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறகும் விளையாடினார்கள் என்கிறது அதே ஆய்வு. முதல் நட்டம் அறியாமையாக இருக்கலாம். நகையை அடகு வைத்துப் போட்ட மூன்றாவது நட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது. அந்த நகைக்குரியவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. இந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று அறிவித்தவர்கள். சம்மதம் ஒருவருடையது, இழப்பு ஒரு வீட்டினுடையது.

பரிசுச்சீட்டு வாங்கியவர்களும் தெரிந்தேதான் வாங்கினார்கள். 2003-இல் தமிழ்நாடு அதை முற்றாகத் தடைசெய்தபோது அந்தத் தெரிதல் போதுமான பதிலாகக் கொள்ளப்படவில்லை. ஆப்ஷனை அப்படித் தடைசெய்வது ஓய்வூதியரின் காப்பையும் சேர்த்தே பிடுங்கும். வேண்டியது தடையல்ல; தடை இல்லை என்பதற்காகப் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது. வண்டி ஓட்ட எல்எல்ஆர் எடுத்து, எட்டுப் போட்டுக் காட்டிய பிறகுதான் உரிமம் தருகிறோம். ஆப்ஷன் விற்கவும் வாங்கவும் அப்படியொரு தேர்வு வைக்கலாம். வருமானத்தையும் காக்க வேண்டிய பங்கையும் பார்த்து ஒருவர் எடுக்கக்கூடிய அளவுக்கு வரம்பு கட்டலாம். தொடர்ந்து தோற்பவரின் கணக்கை நிறுத்திவைக்கும் கடமையைத் தரகர் மீது சுமத்தலாம். இவை பணத்தை அல்ல, தகுதியைக் கேட்கும் வாசல்கள். தரகரின் வருமானம் இவற்றால் குறையும் என்பது உண்மை. அதுவே இவை வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம்.

புதிய விதிகளுக்குப் பிறகு ஆட்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் 2024-25-இல் தனிநபர்களில் 91 சதவீதத்தினர் தோற்றார்கள். நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய், முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் அதிகம். அந்த ஆண்டு முழுவதும் எச்சரிக்கைப் பெட்டி எல்லாத் திரைகளிலும் தவறாமல் எழும்பிக்கொண்டுதான் இருந்தது.