பழைய நாடாவும் அமானிதமும்

வியாபாரிகளாகிய நமக்கு அமானிதம் என்ற சொல் புதிதன்று. பிறர் நம்பி ஒப்படைத்த பணம், பூட்டிக் கொடுத்த பெட்டி, ஊரில் சேர்ப்பிக்கச் சொல்லித் தந்த நகை ஆகியவை அமானிதம் என்பதை யாவரும் ஒப்புவோம். ஆனால் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய வீடியோ நாடாவும் அந்த வகையைச் சேர்ந்ததா என்று நம்மில் அநேகர் சிந்தித்ததில்லை. இப்பொழுது சிந்தித்தே தீரவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஜப்பானில் 1976-ஆம் ஆண்டு வெளிவந்த வி.எச்.எஸ். நாடா, எண்பதுகளில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம்மவர் இல்லங்களுக்குள் புகுந்தது. நிக்காஹ், கந்தூரி, ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவரை வழியனுப்பும் வைபவம் எல்லாம் அதில் ஏறின. குடும்பத்தில் பாதி இங்கும் பாதி ஊரிலுமாக வாழ்ந்த நமக்கு அது சாமானியமான சாதனமன்று. சென்னைக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. விமானச் செலவுக்கு எல்லோரிடமும் வசதி இல்லை. மகனுடைய நிக்காஹ்வை ஊரிலிருந்த உம்மா நாடாவில்தான் கண்டார்கள்.

அந்த நாடா இப்பொழுது அழிந்துகொண்டிருக்கிறது. பாலியெஸ்டர்ப் பட்டையின்மேல் காந்தத் துகளைப் பசையினால் ஒட்டிச் செய்த பொருள் அது. நம் நாட்டு ஈரக்காற்றில் பசை இளகும், வெண்பூஞ்சை பூக்கும். போதாக்குறைக்கு வெள்ளம். 2021 டிசம்பரில் பக்கத்துத் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது எத்தனை வீட்டு அலமாரிகள் சேற்றில் கிடந்தன என்பதை நாம் மறக்கவில்லை. ஓடவைக்கும் கருவியோ, கடைசிவரை அதைச் செய்துவந்த ஃபுனாய் என்ற ஜப்பானியக் கம்பெனி 2016 ஜூலையில் கைவிட்டதிலிருந்து, பழைய சாமான் கடைகளில் தேடும் சரக்காகிவிட்டது. காந்த நாடாக்களைக் காலம் தாழ்த்தாமல் மாற்றவேண்டுமென்று 2019-ல் யுனெஸ்கோவே எச்சரிக்கை விடுத்தது.

மாற்றும் வேலை கடினமன்று, பொறுமைதான் வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று செருகிகளை நாடாக் கருவியிலிருந்து ஒரு சிறு பெட்டிக்கும், அதிலிருந்து கணினிக்கும் இணைத்தால் போதும். மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் செல்லும், குறுக்குவழி கிடையாது. பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கெடும், கருவியின் தலையும் அடைபடும். அதை முதலில் துப்புரவு செய்விக்க வேண்டும். சாதாரண டி.வி.டி. வட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணி நேரமே கொள்ளும். அதிலுள்ள சாயமும் வெயில் பட்டால் மங்கும். ஆகவே வட்டில் ஏற்றிவிட்டோமென்று நிம்மதியாக உறங்கிவிடாமல், வேறொரு சேமிப்பிலும் ஒரு பிரதி வைப்பது புத்திசாலித்தனம். மலிவு வட்டை வாங்கிவிட்டுப் பின்னால் புலம்புவது வியாபாரிக்கு அழகன்று!

படம் எடுப்பது கூடுமா கூடாதா என்ற பழைய மஸ்அலாவை நாம் இங்கே கிளப்பவில்லை. அது ஆலிம்கள் பொறுப்பு. எடுத்தாகிவிட்ட பதிவு யாருக்குச் சொந்தம் என்பதே நம் கேள்வி. காசு கொடுத்து நாடா வாங்கியவருக்கா? படம் பிடித்தவருக்கா? அதில் முகமும் குரலும் தந்தவர்களுக்கா?

திருமண நாடாவையே எடுத்துக்கொள்வோம். பெண்கள் பகுதியில், நெருங்கிய உறவுக்குள் மட்டுமே இருக்குமென்ற நம்பிக்கையில் ராத்தாமார் சிரித்துப் பேசி அமர்ந்திருக்கிறார்கள். நாடாவாக இருந்தவரை அந்த நம்பிக்கைக்கு இயல்பாகவே ஒரு பூட்டு இருந்தது. கருவியும் தொலைக்காட்சியும் உள்ள கூடத்தில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். எண்வடிவாக்கியதும் அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. பேரன் ஒரு விரலால் தட்டினால் அடுத்த கணம் அது நூறு கைப்பேசிகளில். பேரனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசத்தினால்தான் அனுப்புகிறான். ஆனாலும் அந்தப் பெண்கள் அன்று சம்மதித்தது இதற்கன்று. வாங்கிய சம்மதத்துக்கு மேல் ஓர் அங்குலமும் நமக்கு உரிமையில்லை என்பதே நம் துணிபு. உயிரோடிருப்பவர்களைக் கேட்கலாம். மவுத்தாகிவிட்டவர்களை எப்படிக் கேட்பது? அவர்கள் வாழ்ந்த நாளில் எந்த அளவு மறைவை விரும்பினார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். அதுவே அளவுகோல்.

சற்றுச் சிக்கலான இடம் ஒன்றுண்டு. மர்ஹூமான வாப்பா கந்தூரி நாளில் தம் தம்பியைக் கோபத்தில் கடிந்து பேசியது பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெட்டிவிடலாமா? குறையை மறைப்பது நம் மார்க்கம் போற்றும் பண்பு என்பார் ஒருவர். நடந்ததை நடக்காததாக்குவது பொய்க் கணக்கு எழுதுவது போன்றது என்பார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. உறவினருக்குக் கொடுக்கும் பிரதியில் அப்பகுதியை விட்டுவிடலாம், மூலத்தில் கை வைக்கக்கூடாது என்று நமக்குத் தோன்றுகிறது. அதே நாடாவில் கடன் ஒப்புதலோ, வக்பு குறித்த வாக்கோ இருந்தால் ஒரு சொல்லைக்கூட வெட்டுவதற்கில்லை. அங்கே பிறர் ஹக்கு கலந்திருக்கிறது.

இரவல் நாடாவைப் பற்றியும் ஒரு சொல். ஹலரத் உஸ்மான் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனுக்குப் பிரதிகள் எடுத்தபோது, ஹப்ஸா நாயகி (ரலி) அவர்களிடமிருந்த ஏடுகளை வாங்கி, வேலை முடிந்ததும் அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். நம்மவரோ பிரதி எடுத்தபின், ‘இனி இது எதற்கு?’ என்று அடுத்த வீட்டு நாடாவைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். கூலிக்கு இவ்வேலை செய்யும் கடைக்காரர் இரகசியமாகத் தமக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்வதை மோசடி என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

கடைகளில் வருஷக்கணக்காக உரியவர் வந்து எடுக்காத நாடாக்களும் உள்ளன. கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்கவேண்டுமென்பது பிக்ஹு. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் சங்கத்திலும் அறிவித்து ஓராண்டு பார்க்கலாம். அதன்பிறகும் எவரும் வராவிட்டால், பணமாயிருந்தால் வழி வேறு. இதில் இருப்பதோ இன்னொரு குடும்பத்தின் அந்தரங்கம். ஓடவிட்டுப் பார்க்காமலே பட்டையை உருவித் துண்டாக்கிவிட வேண்டும் என்போம் நாம். அதற்கு முன், உறைமேல் ஏதாவது பெயரோ ஊரோ எழுதியிருக்கிறதா என்று நன்றாகத் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.