ஈடு கட்டும் முன் ஒரு கணக்கு

இணையத்தில் சிறு தொகைக்கு டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடத் தொடங்குவோரின் இழப்பில் பெரும்பகுதி, எதிராளி கட்டிய தொகைக்கு ஈடாகத் தாமும் கட்டிக்கொண்டே ஆட்டத்தில் நீடிக்கும் பழக்கத்தால் விளைவது. கையில் இரண்டும் பொதுவில் நான்குமாக ஆறு சீட்டுகள் தெரிந்து, அவற்றுள் நான்கு ஒரே சின்னம் உடையனவாக இருக்கும்போது, 'ஃபிளஷ்' எனப்படும் ஐந்து ஒரே சின்னச் சீட்டுகளின் சேர்க்கையை நிறைவு செய்யக்கூடியவை, தெரியாத 46 சீட்டுகளுள் 9 மட்டுமே. ஆகவே, கடைசிச் சீட்டில் அது அமையும் வாய்ப்பு 19.6 விழுக்காடுதான். 'பாட்' எனும் பொதுக் குவியலில் 100 சென்ட் இருக்க, எதிராளி 50 சென்ட் கட்டினால், தாமும் 50 சென்ட் கட்டி 200 சென்ட்டுக்குப் போட்டியிட 25 விழுக்காடு வாய்ப்பாவது வேண்டும். அக்குவியலிலிருந்து ஆட்டத்தளம் 'ரேக்' என்ற கட்டணமாக 5 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டால் தேவை 26.3 விழுக்காடாக உயர்கிறது; இக்கட்டணத்தின் உச்சவரம்பு சிறு ஆட்டங்களில் அரிதாகவே எட்டப்படுவதால், அதன் சுமை அங்கேதான் மிகுதி என்பது புதியவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. ஃபிளஷ் அமைந்தபின் எதிராளி மேலும் பெருந்தொகை கட்டுவார் என்று நம்ப வலுவான காரணம் இருந்தாலன்றி, இந்நிலையில் சீட்டுகளைக் கவிழ்த்து விலகுவதே சரியான ஆட்டம்.