சாத்திய கதவுக்குத் தலை குனியாதே!

"மதராஸியா? வீடு காலி இல்லை!" வாசலில் 'டூ-லெட்' போர்டு தொங்கும்போதே டெல்லியில் இப்படிச் சொல்வார்கள். முனிர்க்காவில் வீடு தேடும் மணிப்பூர்ப் பெண்ணும், கிட்கி எக்ஸ்டென்ஷனில் அறை தேடும் நைஜீரிய மாணவனும் கேட்கும் சொற்கள் இன்னும் கொடியவை. தோலின் நிறம் பார்த்து வாடகை ஏறுகிறது; இல்லையேல் கதவு சாத்தப்படுகிறது.

தம்பி, தங்கையே! நெஞ்சில் எழுதிக்கொள்: உன் தகுதியை அளக்க எந்த வீட்டுக்காரருக்கும் அதிகாரம் கிடையாது!

கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்குச் சாதியின் காரணமாகத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. நண்பர்களும் கைவிரித்தார்கள். பூங்காவில் பல மணி நேரம் காத்திருந்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். முப்பதே ஆண்டுகளில், இதே டெல்லியில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார்! அந்தச் சட்டத்தின் 14, 21 பிரிவுகள் தரும் சமத்துவமும் உயிர்ப் பாதுகாப்பும் இந்த மண்ணில் வாழும் வெளிநாட்டவருக்கும் உரியவை.

2014 ஜனவரியில் ஒரு நள்ளிரவு. டெல்லியின் அன்றைய சட்ட அமைச்சரே ஆட்களுடன் கிட்கி எக்ஸ்டென்ஷனுக்குப் போய், ஆப்பிரிக்கப் பெண்கள் குடியிருந்த வீட்டைச் சோதனையிடச் சொன்னார். வாரன்ட் இல்லாமல் முடியாது என்றது போலீஸ். அந்த இரவில் கூட்டத்திடம் அவமானப்பட்ட பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை, புகார் கொடுத்தார்கள். நீதிமன்ற உத்தரவால் வழக்குப் பதிவானது. அதே ஆண்டில் அமைச்சராய் இருந்தவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்நிய மண்ணில், யாரோ சில பெண்கள் காட்டிய துணிவு அது! உனக்கு ஏன் வராது?

வீடு மறுப்பவரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இங்கே இன்னும் இல்லை. அது வரவேண்டும், வரும்வரை கேட்போம். அதுவரை விவரம் தெரிந்துகொண்டு போய் நில். உன் வெளிநாட்டு நண்பனுக்கு வீடு கேட்கும்போது, 'வெளிநாட்டவரை வைத்தால் போலீஸ் தொல்லை' என்று வீட்டுக்காரர் தயங்குகிறாரா? நண்பன் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும் என்று சொல். பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து கொடு. அவனுடைய பாஸ்போர்ட், விசா, கல்லூரிக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதே. கொடுத்த பணத்துக்கு ரசீது கேள். மிரட்டினால் 112-ஐ அழை. தனியாகத் தவிக்காதே, உன் ஊர்க்காரர்களை, உடன் படிப்பவர்களைச் சேர்த்துக்கொள்.

பத்துக் கதவு சாத்தட்டும், பதினோராவதைத் தட்டு! குரல் நடுங்காமல் உன் பெயரையும் ஊரையும் சொல்!

நாளை சென்னையிலோ மதுரையிலோ நீயும் வீடு கட்டுவாய். அன்று ஒரு கென்ய மாணவன் உன் வாசலில் வந்து நிற்பான். "என்ன சாதி, என்ன சாப்பாடு, எந்த நாடு?" என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பினால், இன்று நீ பட்ட அவமானத்துக்கு அர்த்தமே இல்லை. சாவியை அவன் கையில் கொடு. அந்த வீட்டைக் கட்டும் வெறியோடு இன்றே எழு!